மூன்று மணிச் சத்தம்

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி முழிக்கிறே?"

மேலாளர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்றே தெரியவில்லை. குமாஸ்தா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய் பெயின்ட் டப்பா அடுக்கில் முட்டியது.

"சார்... வண்டிச் சத்தமே கேக்கலையே சார்?"

"கேக்காது. நேத்து பஞ்சர்னு மெக்கானிக் கடையில விட்டேன். இன்னைக்குக் காலையில எடுத்தா, சத்தம் சுத்தமாப் போயிடுச்சு." மேலாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "மத்தியானம் மறுபடியும் அங்க போகணும். எப்பவும் போல மூணு மணிக்கு வந்துடுவேன்."

அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குமாஸ்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சத்தம்தான் போய்விட்டதே, இன்னும் என்ன மிச்சமாம் அந்த மெக்கானிக்குக்கு?

அவன் பாடு அவனுக்கல்லவா தெரியும்! வீட்டில் ஏழு மாதத்து இரட்டைக் குழந்தைகள். ஒன்றைத் தூங்கவைத்தால் அடுத்தது எழுந்து, தூங்குகிற முதலாவதையும் எழுப்பிவிடும். அவனும் மனைவியும் முறை போட்டுக்கொண்டு விழித்திருந்தார்கள். இதன் பலன், மறுநாள் இரண்டரை மணி அடித்தால் போதும், யார் தடுத்தாலும் அவன் இமைகள் கடையைக் கட்டிவிடும்.

அந்த நேரத்தில் கிடங்கில் அவன் ஒருவன்தான். தட்டி எழுப்ப ஆள் கிடையாது. போனில் அலாரம் வைத்துப் பார்த்தான். தூக்கத்திலேயே அதை அமுக்கிவிட்டு நிம்மதியாகத் தொடர்ந்தான். இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு அலாரமெல்லாம் எந்த மூலைக்கு?

மேலாளரோ தினமும் மதியம் கிளைக்கடைக்குப் போய்விட்டு, மூன்று மணிக்குத் தன் பேட்டரி வண்டியில் திரும்புவார். பேட்டரி வண்டி, வந்து நிற்பது வாசலுக்கே தெரியாது. ஒரே மாதத்தில் இரண்டு தடவை, ரிஜிஸ்டர் மேல் எச்சில் ஒழுக, கையும் களவுமாக அகப்பட்டான். இரண்டு மெமோ.

"இந்தா பாருய்யா, எனக்கு ரூல்னா ரூல்தான். கண்ணால பாத்துட்டா எழுதாம இருக்க மாட்டேன்" என்று அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டார். "மூணாவது மெமோ நேரா தலைமை ஆபீசுக்குப் போயிடும். அப்புறம் உனக்கு இங்க வேலை இல்லை."

அதற்கு அடுத்த வாரம்தான், அவன் செய்த புண்ணியம், அந்த வண்டியின் மோட்டார் கெட்டது. சும்மாவா கெட்டது? மிக்சியில் கூழாங்கல்லைப் போட்டு அரைப்பது போல ஓர் அலறல்! வண்டி தெருமுனையில் திரும்பும்போதே கிடங்கின் தகரக் கூரை அதிரும். அங்கிருந்து வந்து, வண்டியை நிறுத்தி, பூட்டி, மேலாளர் உள்ளே நுழைய ஒன்றரை நிமிடம் ஆகும். முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவைப் பிடிக்க அது தாராளம்.

ஐந்து மாதமாக ஒரு மெமோ இல்லை. அந்த மோட்டார் நீடூழி வாழவேண்டும் என்று அவன் வேண்டிக்கொள்ளாத நாளில்லை. அதன் தலையில்தான் எவனோ ஒரு மெக்கானிக் இப்படிக் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டான்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் குமாஸ்தா மெக்கானிக் கடைக்கு ஓடினான். மேலாளர் வருவதற்குள், மெக்கானிக் காலில் விழுந்தாவது பழைய சத்தத்தைத் திரும்ப வாங்கிவிடுவது என்பது திட்டம். வேலை போனால் இரண்டு பிள்ளைகளோடு நடுத்தெருவில்தான் நிற்கவேண்டும்.

கடை வாசலில் ஏற்கெனவே மேலாளரின் குரல் கேட்டது. அவசரமாக டயர் குவியலுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டான்.

"என்னய்யா வேலை பாத்து வச்சிருக்கீங்க? அஞ்சு மாசமா நிம்மதியா இருந்தேன், ஒரே நாள்ல கெடுத்துட்டீங்களே!"

"கோவிச்சுக்காதீங்க சார்" என்றார் மெக்கானிக். "நேத்து நான் கடையில இல்ல. மச்சான்தான் பஞ்சர் ஒட்டுறப்போ மோட்டாரைத் தொறந்து பாத்திருக்கான். உள்ள பல்சக்கரம் தேஞ்சிருக்குன்னு புதுசை மாட்டிட்டான். உங்களுக்கு நல்லது பண்றதா நினைச்சுட்டான் சார்."

"அவன் நல்லதுல இடி விழ! அந்தப் பழசு எங்க?"

"இருக்கு சார், தூக்கிப் போடலை."

"மாட்டு. மூணு மணிக்குள்ள எனக்கு வண்டி வேணும்."

டயருக்குப் பின்னால் குமாஸ்தா வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தான். காதில் விழுந்தது எதையும் அவனால் நம்ப முடியவில்லை.

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். "ஊர் உலகத்துல எல்லாரும் சத்தம் போகணும்னு வருவாங்க. நீங்கதான் சார், நல்லா ஓடிட்டிருந்த வண்டிக்குத் தேஞ்ச பல்சக்கரத்தைத் தேடிப் பிடிச்சு மாட்டச் சொன்னீங்க. அப்பவே கேக்கணும்னு நினைச்சேன். எதுக்கு சார் இது?"

மேலாளர் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க குமாஸ்தா ரெட்டைப் புள்ளைக்காரன்யா. இந்தச் சத்தம் இல்லேன்னா எப்படி முழிப்பான்?"