பன்னிரண்டாவது ஆள்

"என் பேரு விட்டுப்போச்சா, இல்ல கடைசியில சொல்லலாம்னு வச்சிருக்கியா கேப்டன்?"

இம்தாத் சாச்சா சிரித்துக்கொண்டுதான் கேட்டார். தாஹிர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பதினோரு பேரையும் சொல்லி முடித்திருந்தான்.

"நீங்க பன்னிரண்டாவது சாச்சா."

"அது தெரியுமே. என்னைக்கு மாறியிருக்கு?"

ஷார்ஜா தொழிற்பேட்டைக்குப் பின்னால், லாரிகள் நிறுத்தும் மணல்வெளிதான் மைதானம். வெள்ளிக்கிழமை விடிந்ததும் தொடங்கி, ஜும்ஆ தொழுகைக்கு முன் முடித்துவிட வேண்டும். தாஹிரின் அணியில் பாதிப்பேர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்கள். போன வாரம் தோல்வி. அதற்கு முந்தைய வாரமும் தோல்வி. இன்று ஜெயித்தால் அரையிறுதி. இல்லாவிட்டால் அடுத்த சீசன்தான்.

சாச்சாவுக்கு டயர் கடையில் வேலை. வாரம் தவறாமல் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வருவார். யாராவது வராமல் போவார்களா என்று சாலையையே பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோரும் வந்துவிடுவார்கள். பிறகு தண்ணீர் கொடுப்பார், லாரிக்கு அடியில் புகுந்து பந்து எடுப்பார்.

"தாடிக்கு மருதாணி வேறயா?" என்றான் விக்கெட் கீப்பர் ஷகூர். "பொண்ணு பார்க்கப் போறீங்களா சாச்சா? பையைப் பாருடா தாஹிர், ஒரு மட்டைகூட இல்லாத ஆளுக்கு எவ்வளவு பெரிய பை!"

"உன் வாயை அடைக்கத் துணி கொண்டுவந்திருக்கேன். அதான் பெரிய பை" என்றபடி சாச்சா அதை லாரி நிழலுக்கு இழுத்துப்போனார்.

அப்போது மீன் சந்தை அணியின் கேப்டன் நூருல் வந்தான். "பாய், ஒரு ஆள் குறையுது. லோடு வந்துடுச்சுன்னு முதலாளி பிடிச்சு வச்சுக்கிட்டான். ஒருத்தரைக் கொடுங்க."

ஆள் குறைந்தால் எதிரணி கடன் கொடுப்பது இந்த மைதானத்து வழக்கம். கடனாகப் போனவன் அன்று முழுக்க அவர்கள் ஆள்.

"சாச்சாவைக் கொடுத்துடு" என்று தாஹிரின் காதில் சொன்னான் ஷகூர். "அவங்க பத்துப் பேரா ஆடுற மாதிரிதான்."

தாஹிர் திரும்பினான். "சாச்சா, இன்னைக்கு நீங்க அவங்க பக்கம்."

"உனக்கு எதிராவா?"

"வழக்கம்தானே."

சாச்சா கொஞ்சம் யோசித்தார். "பேட்டிங் உண்டா?"

"கடைசி ஆளா உண்டு" என்றான் நூருல்.

அதற்குள் அவர் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கத் தொடங்கியிருந்தார்.

வெயில் ஏறியபோது ஆட்டம் அவரிடமே வந்து நின்றது. மீன் சந்தைக்கு மூன்று ரன் வேண்டும். ஒரே விக்கெட்தான் பாக்கி. பந்து தாஹிர் கையில்.

யாரிடமோ வாங்கிக் கட்டிய காப்புகள் கால்களில் தடதடக்க, சாச்சா நடந்து வந்தார். தாஹிர் பந்தைத் துடைப்பதுபோல் அவர் அருகில் போனான்.

"சாச்சா, மட்டையைக் குறுக்க வீசிட்டுப் போயிடுங்க. அடுத்த வெள்ளி நம்ம பதினொண்ணுல நீங்க இருக்கீங்க. சத்தியம்."

"எத்தனாவதா இறக்குவ?"

"நீங்க கேட்கிற இடம்."

"மூணாவது?"

"சரி."

"மூணாவது…" சாச்சா அந்த வார்த்தையை வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "நல்ல இடம். போ, பந்தைப் போடு மகனே."

தாஹிர் ஓடிவந்து வீசினான். மட்டை குறுக்கே வரவில்லை, நேராக வந்தது. பந்து அவனைத் தாண்டி மணலில் ஓடி, தூரத்தில் நின்ற லாரியின் டயரில் மோதி நின்றது. நான்கு.

நூருலின் ஆட்கள் சாச்சாவைத் தூக்கிச் சுற்றினார்கள்.

"நம்ம டீயைக் குடிச்சிட்டு நமக்கே ஆப்பு வச்சிட்டாரே!" என்று கையுறையைக் கழற்றி எறிந்தான் ஷகூர்.

தாஹிருக்கு அந்த நேரான மட்டை கண்ணிலேயே நின்றது. இப்படி ஆடுகிற மனிதரைத்தானே இத்தனை நாள் தண்ணீர் சுமக்க வைத்தோம் என்று தோன்றியது. கோபம் எங்கே போனது என்று அவனுக்கே தெரியவில்லை.

லாரி நிழலுக்குப் போனான். சாச்சா வெள்ளைச் சட்டையின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நான் பண்ணினது பொய்ச் சத்தியம் சாச்சா. நீங்க அவுட் ஆகியிருந்தாலும் சேர்த்திருக்க மாட்டேன்."

"தெரியும்."

"இப்ப நிஜமா சொல்றேன். அடுத்த வெள்ளி சிநேக ஆட்டம் வைக்கிறேன். மூணாவது ஆள் நீங்க."

சாச்சா நிமிர்ந்தார். "பேரு வாசிக்கிற மாதிரி சொல்லு."

"மூணாவது, இம்தாத்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னொரு தடவை."

"மூணாவது, இம்தாத். வாங்க, ரூம்ல விடுறேன்."

தாஹிர் ஒரு கையால் அந்தப் பையைத் தூக்கினான். அது அசையவில்லை. இரண்டு கையும் போட வேண்டியிருந்தது.

"என்ன சாச்சா இது, இந்தக் கனம்?"

"முப்பது கிலோ" என்றார் சாச்சா. "விசா ரத்தாகி இன்னைக்கு ராத்திரி ஊருக்குப் போற ஆளுக்கு ஃப்ளைட்ல அவ்வளவுதான் விடுவாங்களாம்."