கிணற்று நீர் அறிக்கை

ஊர்க்கூடத்து ஜன்னல் வழியே சாய்வெயில் மேசையில் விழுகிறது. ஆராய்ச்சி நிலையத்துக்காரர் புத்தம்புது அறிக்கையைப் பிரித்து, பொதுக்கிணற்று நீரில் எலும்பை வளைக்கும் உப்பு மிகுந்திருக்கிறது, இனிக் குடிக்க வேண்டாம் என்று வாசித்துவிட்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று அதைக் கைமாற விடுகிறார். "கலர் படமெல்லாம் பிரமாதமுங்க," என்கிறார் பின்வரிசை முடிதிருத்துபவர். யாரும் சிரிக்கவில்லை. கால் வளைந்துபோன மகளை மடியில் வைத்திருக்கும் தையல்காரி, அறிக்கையின் அட்டவணையில் விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்துகிறாள். "ஐயா, சோதிச்ச தேதி மூணு வருசத்துக்கு முந்தியில்ல இருக்கு?" நிலையத்துக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "முடிவு அப்பவே வந்துடுச்சும்மா. அறிக்கை அச்சாகி வர்ற வரைக்கும் வெளிய சொல்லக்கூடாதுன்னு எங்க நிலையத்துல ஒரு விதி." மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது. தையல்காரிக்குக் கோபம்கூட வரவில்லை. மகளின் முழங்காலைப் பாவாடையால் மூடிவிட்டு, கணக்குச் சரிபார்ப்பவளைப் போல மெல்லச் சொல்கிறாள்: "அப்பல்லாம் இவ ஓடித் திரிஞ்சவ, ஐயா."