தரைக்கு மேலே ஒரு முழம்

"மழை அடிச்சா உள்ள ஈரம் வருமா?" என்று கேட்டார் தையற்கடைக்காரர்.

"முதல் மழைக்கு வந்துச்சு. அப்புறம் வரல" என்றார் வீட்டுக்காரர்.

வீட்டின் பின்பக்கம் இருவரும் குனிந்து நின்றிருந்தார்கள். சரிவில் கட்டிய வீடு அது. கீழறையின் சுவர் மண்ணுக்குள் இருந்தது. தரைக்கு மேலே ஒரு முழம்தான் வெளியில் தெரிந்தது. இரண்டு பக்கமும் கெட்டியான தெர்மாகோல் பலகை வைத்து, நடுவில் கான்கிரீட் ஊற்றி எழுப்பிய சுவர்.

தான் புதுவீடு கட்டுவதாகச் சொல்லிக்கொண்டுதான் தையற்கடைக்காரர் உள்ளே வந்திருந்தார். அவர் எந்த வீடும் கட்டவில்லை. இந்தச் சுவரைப் பூசிய கான்ட்ராக்டருக்குத் தன் மகளைக் கொடுக்கலாமா என்று விசாரிக்க வந்திருந்தார். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இது இரண்டாவது கல்யாணம். போன முறை சொந்தக்காரர்களைக் கேட்டார். தங்கமான பையன் என்றார்கள். அந்தத் தங்கம், பால் பொங்கினாலும் பல்பு எரியாவிட்டாலும் மகள்மேல்தான் பழி போட்டது. ஒரு நாள் பெட்டியோடு வந்து நின்றாள்.

"இந்தத் தடவை, அவர்கிட்ட வேலை வாங்கின யாரையாவது கேளுங்கப்பா" என்று அவள்தான் சொன்னாள். தரகர் இந்த வீட்டைக் காட்டினார்.

"தெர்மாகோலை அப்படியே விட்டா என்ன?" என்று கேட்டார் தையற்கடைக்காரர்.

"வெயில் பட்டா மாவு மாதிரி உதிரும். எறும்பு குடித்தனம் வந்துடும். மேல ஒரு கோட் பெயின்ட் அடிச்சா போதாதான்னு கான்ட்ராக்டரைக் கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். வலையை ஒட்டி, அதுமேல சிமென்ட் ரெண்டு கை பூசினார். மண்ணுக்குக் கீழ தண்ணி புகாத கறுப்பு ஷீட். அதுக்குப் பின்னால தண்ணி இறங்கிடக் கூடாதுன்னு மேல் விளிம்பைப் பசை வச்சு அடைச்சார். பூச்சையும் ஷீட்டோட விளிம்பை மூடுற மாதிரி ஒரு சாண் கீழ இறக்கி விட்டார்."

தையற்கடைக்காரர் ஓரத்து மண்ணை விலக்கி, பூச்சு முடியும் இடத்தை விரலால் தடவினார்.

"துணியில ஓரம் மடிச்ச மாதிரி இருக்கு" என்றார். வந்ததிலிருந்து அவர் மனதாரச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பிறகு மெதுவாக, "ஆள் எப்படி? கோபம் வருமா?" என்றார்.

"வரும். வந்தா வாயைத் திறக்க மாட்டார். அதுக்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்னு நமக்குத் தோணும்."

"அப்படியா?"

"செடி வைக்கலாம்னு இங்க மண்ணை உசத்தினேன். பூச்சு மூடிப் போச்சு. வந்து பார்த்தார். ஒரு பேச்சில்ல. மண்வெட்டியை எடுத்து அவரே எல்லாத்தையும் வாரித் தள்ளினார், தண்ணி வீட்டைவிட்டு விலகி ஓடுற மாதிரி. என் ரோஜாவும் சேர்ந்து போச்சு. ரெண்டு நாள் நான் அவரோட பேசல."

"குடி கிடி...?"

"டீ. அதை நிறுத்த யாராலயும் முடியாது."

தையற்கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "முதல் மழைக்கு ஈரம் வந்துச்சுன்னீங்களே?"

வீட்டுக்காரர் சுவரின் மூலையைக் காட்டினார். "அங்க. ராத்திரி போன் பண்ணிக் கத்தினேன். என்ன பூசின, ஏது பூசினன்னு வாய்க்கு வந்தபடி. விடிஞ்சதும் வந்தார். அந்த மூலையை இடுப்பளவுக்குத் தோண்டினார். ஷீட்டுல ஒரு ஓட்டை. தோட்டத்துக்குக் குழாய் புதைக்கிறப்ப நான் போட்டது, அவருக்குத் தெரியாம."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடைச்சு, மேல இன்னொரு துண்டு ஷீட் ஒட்டி, மண்ணை மூடிட்டு, டீ இருக்கான்னு கேட்டார். இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டினதில்ல."

தையற்கடைக்காரருக்கு, மகள் பெட்டியோடு நின்ற வாசல் நினைவுக்கு வந்தது. பொய் சொல்லி வந்தது இப்போது கூச்சமாக இருந்தது.

"தப்பா நினைக்காதீங்க. நான் வீடு கட்டல. என் பொண்ணுக்கு அவரைப் பார்த்திருக்கோம்."

"விலையே கேட்கலியே, அப்பவே நினைச்சேன்."

"ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். மனசுல பட்டதைச் சொல்லுங்க. உங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா, அவருக்குக் கொடுப்பீங்களா?"

வீட்டுக்காரர் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"கொடுத்தேனே" என்றார். "அவ தவறிப்போய் மூணு வருஷமாச்சு. மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல பொண்ணாப் பாருங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சதே நான்தான்."