துரையின் வால்

காசி எதையோ இலையில் மடித்து வேலியோரம் வைத்துவிட்டு நகர்ந்ததைச் சவுரியம்மாள் பார்த்துவிட்டாள்.

பிரித்தால், இறைச்சி ஒட்டிய எலும்பு. முனிசிபாலிட்டியில் தெருநாய் அடிக்கிற காசி, நாய்க்கு விருந்தா வைப்பான்? விஷம்தான், வேறென்ன.

குழி தோண்டி அதைப் புதைத்தாள். குடிசைக்குள் கிடந்த துரை வாசனை பிடித்துவிட்டு, வெகுநேரம் முனகித் தீர்த்தது.

துரை அவள் வளர்க்கிற நாய். தோல் பதனிடுகிற ஷாப்பில் ஆட்டு ரோமம் உலர்த்திவிட்டு அலுத்துத் திரும்பிய ஒரு சாயங்காலம், பாலாற்று மணலில் கிடைத்தது. ஷாப்புக்கு ஆவாரம்பட்டை ஏற்றிப்போகிற வண்டி ஏறியதோ என்னவோ, பின்னங்கால் இரண்டும் விழுந்துபோய், எலும்பும் தோலுமாய்க் கிடந்தது. போதாததற்கு வாலை வேறு எவனோ அடியோடு வெட்டியிருந்தான்.

வெட்டிய இடத்தில் யாரோ மஞ்சளும் வேப்பெண்ணெயும் அப்பியிருந்தார்கள். வெட்ட ஒரு பாவி, மருந்து போட ஒரு புண்ணியவான், உலகம் இப்படித்தான் ஓடுகிறது என்று புலம்பிக்கொண்டே மடியில் தூக்கி வந்தாள்.

படுத்த இடத்துக்கே கஞ்சி வந்தாக வேண்டும். கொஞ்சம் தாமதமானால் கோபம் வேறு. அதனால்தான் துரை என்று பெயர் வைத்தாள்.

அக்கம்பக்கம் சிரித்தது. சிரிக்கட்டுமே, அவளுக்கென்ன? விளக்கெண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் காலை நீவினாள். ஷாப்பில் கழித்துப் போட்ட தோல் துண்டுகளைத் தைத்து, அதன் இடுப்புக்கு ஒரு தூக்குப் பட்டை செய்தாள். பின்புறத்தைத் தூக்கிப் பிடித்தபடி மணலில் நடக்கப் பழக்கினாள். ஒரு கால் தேறிவிட்டது. இன்னொன்றை இழுத்துக்கொண்டுதான் நடந்தது.

நீவும்போது அவள் வாய் சும்மா இருக்காது. "வாயில்லா ஜீவனோட வாலை வெட்டின கை அழுகிப் போவணும்" என்று தினம் ஒரு சாபம். ராத்திரி ஜெபம் தப்பினாலும் தப்பும், அது தப்பாது.

துரை தெருவில் நடக்க ஆரம்பித்த பிறகுதான் காசி அந்தப் பக்கம் வரத் தொடங்கினான். தோளில் தடியோடு வருவான், வேலிக்கு வெளியே நிற்பான், குடிசைக்குள் எட்டி எட்டிப் பார்ப்பான். ஒரு நாள் கேட்டே விட்டான்.

"கால் ஊணுதாக்கா?"

"உனுக்கு இன்னாத்துக்கு அது?"

தடியைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விட்டான். அடிப்பதற்கு முன்னால் நோட்டம் பார்க்கிறான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். அதிலிருந்து வேலைக்குப் போகும்போது துரையை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினாள்.

இப்போது இந்த எலும்பு. இனியும் பொறுப்பதா? பக்கத்து வீட்டு மஹ்பூபியிடம் சொல்லி ஆற்றிக்கொண்டாள். இந்தப் பேஜாரை இப்படியே விட்டால் நாளைக்கு நாய் இருக்காது, ஆபீசுக்கே போய்ச் சொல் என்றாள் மஹ்பூபி. சவுரியம்மாள் மறுநாள் காலையிலேயே போய், சானிட்டரி இன்ஸ்பெக்டரிடம் அழுது முறையிட்டுவிட்டு வந்தாள். வளர்ப்பு நாய்க்குக் காசி விஷம் வைக்கிறான், நீங்கள்தான் கேட்க வேண்டும் என்றாள்.

அன்றைக்கே இன்ஸ்பெக்டர் காசியைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சவுரியம்மாள் கதவைத் திறந்தாள். வெளியே வந்த துரை, காசியைப் பார்த்ததும் விளங்காத காலை இழுத்துக்கொண்டு ஓடி அவன் காலடியில் விழுந்தது. ஆட்ட வாலில்லாமல் இடுப்பையே ஆட்டியது. காசி குனியவில்லை, தொடவும் இல்லை. அவன் முகம் பயத்தில் வெளிறிப் போயிருந்தது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. விஷம் வைக்கிறவனிடமா இத்தனை பாசம்?

இன்ஸ்பெக்டருக்குப் புரிந்துவிட்டது. வந்த வேலையை விட்டுவிட்டு நாயின் பின்புறத்தையே பார்த்தார்.

"இதோட வால் எங்கடா காசி?"

காசி தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் அவளிடம் விஷயத்தைச் சொன்னார். அடித்த நாயை எல்லாம் ஆபீசுக்குத் தூக்கி வரச் சொல்ல முடியுமா? வாலைக் கொண்டுவந்து காட்டினால் கூலி. இவன் வாலை மட்டும் நறுக்கிக் காட்டிவிட்டு நாயைத் துரத்திவிட்டிருக்கிறான் போலிருக்கிறது. கசாப்புக்கடை ஓரம், சுண்ணாம்புக் குழி ஓரம் என்று ஊரெல்லாம் மொட்டைவால் நாய்கள் திரிவது ரொம்ப நாளாகவே தம்மை உறுத்துகிறது என்றார்.

"ருசுவாச்சுன்னா இவன் வேலை போச்சு. வேற ஆளைப் போட்டு மொட்டைவாலை எல்லாம் ஒண்ணுவிடாம அடிக்கச் சொல்லிடுவேன். நீ சொல்லும்மா, இந்த வாலை வெட்டினது யாரு?"

சவுரியம்மாள் துரையின் மொட்டைவாலைப் பார்த்தாள். அந்த மஞ்சளும் வேப்பெண்ணெயும் கண் முன்னால் வந்தன. வெட்டியவனும் மருந்து போட்டவனும் ஒரே ஆளா? மருந்து போட்ட கையைத் துரை மறக்கவில்லை, அதற்கு ஆசையாகக் கொண்டுவந்த எலும்பைத் தான் மண்ணில் புதைத்துவிட்டோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

காசி நிமிரவே இல்லை. துரை இன்னும் இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தது.

"உன்னைத்தாம்மா கேக்கறேன். யாரு வெட்டினது?"

"இவர் மேல புகார் சொன்னது என் தப்புங்க ஐயா. வாலு புண்ணு வெச்சி, புழு நெளிஞ்சிது. தோல் சீவுற கத்தியால நான்தான் வெட்டினேன்" என்று சொல்லி, சவுரியம்மாள் தன் வலது கையை நீட்டிக் காட்டினாள்.

"இந்தக் கைதாங்க."