நாளைய பக்கம்

பீரோ மேலிருந்த பிளாஸ்டிக் கவரை ஆக்னஸ் கீழே இறக்கி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. முடிச்சைத்தான் இன்னும் அவிழ்க்கவில்லை.

போன வருடம் இதே ஜனவரி இருபதாம் தேதி, ஆஸ்பத்திரியில் நர்ஸ் போட்டுக் கொடுத்த முடிச்சு அது.

உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கணவர் அருளப்பனின் மூக்குக்கண்ணாடி, செபமாலை, ஒரு கட்டைப் பென்சில், அந்தப் புத்தகம்.

அடுத்த வீட்டு வேம்புலியம்மாள் அவர் படத்துக்குச் சாமந்திச் சரம் கொண்டுவந்தாள். கள்ளிக்குப்பத்தில் இந்தத் தெரு நெல் வயலாக இருந்த காலத்திலிருந்தே இருப்பவள். மேசைமேல் கவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"உள்ள புக்குதானே கீது, ஆக்னஸு? பாம்பு கீற மாரி சுத்திச் சுத்தி வர?"

ஆக்னஸ் சிரித்தாள். சாயங்காலப் பூசைக்குத் தானும் வருவதாகச் சொல்லிவிட்டு வேம்புலியம்மாள் போனாள்.

ஏதோ ஒரு குளிர்நாட்டுத் துறவி எழுதிய நாட்குறிப்புகளைத் தேதிவாரியாகப் பிரித்து, நாளுக்கு ஒரு பக்கமாகப் போட்டிருந்த புத்தகம். கோயில் திருவிழாக் கடையில் அருளப்பன் வாங்கியது. ஒவ்வொரு பக்கத்திலும் நாலைந்து வரிகள்தான் இருக்கும். துறவி பாத்திரம் கழுவியிருப்பார், விறகு பிளந்திருப்பார், செபம் வரவில்லை என்று கவலைப்பட்டிருப்பார்.

காலையில் காபிக்கு முன்னால் அன்றைய பக்கம். நாளைய பக்கத்தைத் திருப்பவே கூடாது. அது அருளப்பன் போட்ட சட்டம். டிசம்பர் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. படித்தது ஆக்னஸுக்கு மதியத்துக்குள் மறந்துபோகும். அவருக்கு மறக்காது.

படித்து முடித்ததும் ஓரத்தில் வருடத்தை எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போடுவார். புத்தகத்தை அவளிடம் நீட்டுவார். அவளும் படித்துவிட்டு வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைப்பாள்.

ஆவடியில் ராணுவ உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் தையலைச் சரிபார்க்கும் செக்கராக இருந்தவருடைய பழக்கம். அங்கே சாக்பீஸ். முதல் செக்கர் வட்டம் போடுவார், இரண்டாவது செக்கர் புள்ளி வைப்பார். இரண்டும் இல்லாத உடுப்பு பேக்கிங்குக்குப் போகாது. ஒரு மாதக் கடைசியில், பார்க்காமலே வட்டம் போட்டு அனுப்பச் சொன்னார்கள். அருளப்பன் சாப்பிடப் போகாமல், நானூறு சட்டையையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வட்டம் போட்டார்.

ஆஸ்பத்திரியிலும் அந்த வழக்கம் நிற்கவில்லை. பத்தொன்பதாம் தேதி அவரால் படிக்க முடியவில்லை. அவள் வாசித்தாள். அவர் வட்டம் போட்டார், அவள் புள்ளி வைத்தாள்.

பிறகுதான் கேட்டார்.

"நாளைக்குள்ளதையும் வாசியேன், புள்ள."

"நீங்க போட்ட சட்டந்தானே? நாளைக்குள்ளது நாளைக்குத்தான்" என்றாள்.

அவர் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மூன்று நாளாகக் கண் மூடாதவள், அன்று நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். நர்ஸ் தோளைத் தொட்டு எழுப்பியபோது விடிந்துகொண்டிருந்தது. எல்லாம் முடிந்திருந்தது.

கேட்டதைப் படித்துக் காட்டவில்லை. கூப்பிட்டிருந்தாலும் காதில் விழாத அளவுக்குத் தூங்கிவிட்டாள். இந்த ஒரு வருடத்தில் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை அவள் சொன்னதில்லை. அவர் கேட்டு, தான் கொடுக்காமல் விட்டது எதுவென்று அந்தப் பக்கத்தைத் திறந்தால் தெரிந்துவிடும். அதனால்தான் கவர் பீரோ மேலேயே இருந்தது.

இன்றைக்குப் படிக்காவிட்டால் இனி எந்த நாளும் படிக்க மாட்டோம் என்று தோன்றியது.

முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்துப் பிரித்தாள்.

ஜனவரி இருபது.

'இன்று கடும் பனி. மணியடிக்கும் சகோதரர் எழுந்திருக்கவில்லை. பல நாளாக நோயாளிகளின் அறையில் கண்விழித்திருந்தவர். நாங்கள் யாரும் அவரை எழுப்பவில்லை. மணி அடிக்காமலே கோயிலுக்குப் போனோம்.'

மறுபடி படித்தாள். மூன்றாவது முறை எழுத்து கலங்கியது.

பத்து வருடம் படித்த பக்கம். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரத்தைப் பார்த்தாள். பதினைந்தில் தொடங்கி இருபத்து நான்கு வரை வருடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம், உள்ளே ஒரு புள்ளி. பத்து இருக்க வேண்டும்.

பதினொன்று இருந்தது.

கடைசி வட்டம் எலுமிச்சம்பழம் போலக் கோணியிருந்தது. பக்கத்தில் 25 என்று எழுதியிருந்தது. உள்ளே புள்ளி இல்லை.

பார்க்காமல் வட்டம் போடுகிறவர் இல்லை அவர்.

கவரைத் துழாவிக் கட்டைப் பென்சிலை எடுத்து, அந்தக் கோணல் வட்டத்துக்குள் ஆக்னஸ் ஒரு புள்ளி வைத்தாள்.

அதன் கீழே 26 என்று எழுதினாள்.

வட்டம் போடத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. இதுவரை அவள் போட்டதில்லை.