காற்று இறங்கிய சக்கரம்

"அக்கா, உன் வீட்டுக்காரர் வண்டி எடுக்கப் போனாரா, வண்டி செய்யப் போனாரா?"

லூசிண்டா அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. தள்ளுவண்டிச் சக்கரத்தில் காற்று இல்லை என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போன ஆரின், போனவர் போனவர்தான்.

வினிஃப்ரெட் பாதி பறித்திருந்த ஆப்பிள் மரத்தடியில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து பொருமிக்கொண்டிருந்தாள். கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகியிருந்தாள். உண்ணிக்குப் பயந்து, அமெரிக்காவின் மெயின் மாநிலத்தின் அந்தப் பக்கத்தில் எல்லோரும் இப்போது அப்படித்தான். அவளுக்கு மட்டும் அந்தப் புத்தி ஒரு கோடை பிந்தி வந்தது. ஒரே உண்ணி, ஒரே கடி. லைம் நோய் போதாதென்று, ரத்தத்தைக் கெடுக்கும் இன்னொரு கிருமியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

"நான் எந்திரிச்சு நடமாடுறதே அபூர்வம். அந்த நாளாப் பார்த்துதான் இந்த மனுஷனுக்கு ஒண்ணு உடையும், ஒண்ணு தொலையும். போன தடவை ஏணியைக் காணோம். அதுக்கு முந்தி கத்திரி மொக்கை. நான் படுத்துக் கிடந்தா மட்டும் சமையல் என்ன, துணி துவைக்கிறது என்ன, பம்பரமா சுத்துவார்."

"சரியான சோம்பேறின்னு ஊரே சொல்லுது. நான் சொன்னா உனக்குக் கோபம் வரும்."

"ஏன் வரப்போகுது? நானே சொல்றேன்."

அவளுடைய டாக்டர் மருந்தின் அளவை மிகவும் மெதுவாகத்தான் ஏற்றி வந்தார். ஒரேயடியாகக் கொடுத்தால் கிருமியோடு சேர்த்து ஆளையும் சாய்த்துவிடும் என்பார். தெம்பாக இருக்கும் நாளில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், பாதி வேலையோடு நிறுத்திவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். வினிஃப்ரெட்டும் சர்ச்சில் தலையாட்டுவது போலப் பக்தியோடு தலையாட்டிவிட்டு வருவாள். அதோடு சரி.

வசந்தத்தில் ஒரு நல்ல நாள் வந்தது. அடுத்த குளிருக்கான விறகு முழுவதையும் அன்றைக்கே அடுக்கித் தீர்த்தாள். மறுநாள் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. மருந்தை நிறுத்த வேண்டியதாயிற்று. கோடையில் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் இந்த மருந்தையே மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறமாவது திருந்தினாளா என்றால் இல்லை.

"மீதி மரத்தையும் இன்னிக்கே முடிச்சுடணும். நாளைக்கு எந்திரிப்பேனோ மாட்டேனோ," என்று வினிஃப்ரெட் மறுபடி எழப் பார்த்தாள்.

கூடையைத் தரையில் வைத்துக்கொண்டு பறிக்கலாமே என்றாள் லூசிண்டா. புல்லில் வைத்தால் உண்ணி ஏறிவிடும், வண்டி வராமல் ஒன்றும் நடக்காது என்று சொல்லிவிட்டு வினிஃப்ரெட் திரும்ப உட்கார்ந்தாள். விட்ட இடத்திலிருந்து திட்டவும் ஆரம்பித்தாள்.

லூசிண்டாவுக்குப் பொறுக்கவில்லை. அக்காவுக்கு ஒத்தாசை செய்ய போர்ட்லண்டிலிருந்து விடியற்காலையிலேயே காரை ஓட்டிக்கொண்டு வந்தவள் அவள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டே தீருவது என்று கொட்டகைக்கு நடந்தாள்.

உள்ளே ஆரின் சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வண்டி. ஒரு சக்கரம் சப்பையாகக் கிடந்தது. காற்றடிக்கும் பம்ப்போ அவர் தலைக்கு மேலேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

லூசிண்டா விடுவிடுவென்று உள்ளே நுழைந்தாள். பம்ப்பை எடுத்து, மூச்சு வாங்க வாங்க, சக்கரம் கல்லு மாதிரி ஆகும் வரை காற்றடித்தாள்.

"இதுக்குத்தான் இவ்வளவு நேரமா அத்தான்? கொஞ்சமாவது வெட்கம் வேணாமா?"

ஆரின் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். நிதானமாகக் குனிந்து சக்கரத்தின் காற்று மூடியைத் திருகி எடுத்து, உள்ளே இருந்த ஊசியை நகத்தால் அழுத்தினார். உஸ்ஸென்று காற்று முழுவதும் இறங்கிவிட்டது.

"உங்களுக்கென்ன பைத்தியமா?"

"மெதுவா பேசும்மா. உங்க அக்கா இப்ப என்ன பண்றா?"

"என்ன பண்ணுவா? உட்கார்ந்து உங்களைத்தான் திட்டிக்கிட்டிருக்கா."

"உட்கார்ந்துதானே?"

லூசிண்டா பம்ப்பைக் கீழே வைத்தாள்.

"ஓய்வெடுன்னு நான் சொல்லிப் பார்த்துட்டேன், டாக்டர் சொல்லிப் பார்த்துட்டார். வேலை கிடக்கும்போது உட்கார்றது பாவம்னு உங்கம்மா வளர்த்த பொண்ணு, கேட்பாளா? என்னைத் திட்டணும்னா மட்டும் உட்கார்றா." அவர் மறுபடி கோப்பையை எடுத்துக்கொண்டார். "மீதியை அவ தூங்கும்போது நான் பறிச்சுக்கறேன்."

"ஊரெல்லாம் உங்களைச் சோம்பேறிங்குது, அத்தான்."

"சொல்லிட்டுப் போகட்டும். இந்தத் தடவையாவது மருந்து நிக்காம இருக்கணும்."

வெளியே வினிஃப்ரெட்டின் குரல் கேட்டது. "லூசிண்டா! அந்த மனுஷன் இருக்காரா, இல்ல அங்கேயே தூங்கிட்டாரா? நானே வரட்டுமா?"

"வேணாம்க்கா, உட்காரு!" என்று கத்தினாள் லூசிண்டா. "நீ சொன்னது சரிதான், இவரை மாதிரி ஒரு சோம்பேறியை நான் பார்த்ததே இல்ல!"

கத்திக்கொண்டே குனிந்து, இன்னொரு சக்கரத்தின் மூடியைத் திருக ஆரம்பித்தாள்.