நாலு மணிக்குள் ஒரு நாவல்

விடிந்தால் லமாண்டுக்குக் கல்லூரித் தேர்வு. இலக்கியத்தில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவன். இந்த முறையும் போனால் பதவி உயர்வு கிடையாது.

"பேராசையால வால் ஸ்ட்ரீட் கோடீஸ்வரன் கவுந்தான்னு எழுதிடவா?" என்று பாட நாவலைப் பற்றி விட்லக்கிடம் கேட்டான்.

"அதைத்தான் எல்லாரும் எழுதுவாங்களே! அவனை உள்ளே தள்ளின நீதிபதியும் தேர்தல்ல நிக்கிறவன்; ஓட்டுக்காக நடிச்சான். நாவல் ரெண்டு பேரையும் பார்த்துச் சிரிக்குது," என்றார் விட்லக்.

"அப்போ தண்டனை தப்பா?"

"எப்படித் தப்பாகும்? ஊரார் பணத்தைத் திருடினான்ல?"

மாலை நாலு மணி அடித்தது. விட்லக் புத்தகத்தை மூடிவிட்டு, கைதிகளின் தலை எண்ணிக்கைக்காகக் கம்பிகளுக்குப் பின்னால் போய் நின்றார். பழைய வால் ஸ்ட்ரீட் கோடீஸ்வரரான அவருக்கு இன்னும் ஒன்பது வருஷம் பாக்கி.

லமாண்ட் கதவைப் பூட்டினான்.

"பாஸானா முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன், சார்."

கைதியை 'சார்' என்று கூப்பிட்ட காவலர் அந்தச் சிறையில் அதுவரை இருந்ததில்லை.